ஆயிஷா மறைத்த ஊசிக்குத்து

ஆயிஷா, யூசுப்,

திங்கட்கிழமை ஆனால் நம் கடை வாசலில் கூட்டம் நிற்கும். எதிரே கலெக்டர் ஆபீசில் அன்றைக்கு மனுநாள். பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து, இரண்டு ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பேன். ஊராருடைய குறையையெல்லாம் எழுதிய கை இது. சொந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் 'ஐயா, வணக்கம்' என்றுதான் முதலில் வருகிறது. அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன், அதிலும் பாதி நாள் முழங்கால் வீங்கி வீட்டில் படுத்திருந்தவன். தப்பு இருந்தால் ஆயிஷா திருத்திக்கொள்ளட்டும்.

எழுதச் சொன்னது கோபால் பெரியப்பா. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிறாரே, அவர்தான். அவருக்கும் என்னுடைய நோய்தான். "நம்ம மாதிரி வூட்டுப் புள்ளைங்க நாலு பேரு படிக்கட்டும்பா. டாக்டருங்க எழுதறது டாக்டருங்களுக்குத்தான் புரியுது" என்றார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்திருந்த வைரஸ் போய்விட்டது. மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் இல்லை என்று வந்துவிட்டது. ஆகவே என்னை நினைத்துப் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். இதில் இருக்கிற பயம் வேறு.

என் நோய்க்குப் பெயர் ஹீமோபிலியா. அடிபட்டால் ரத்தம் உறைந்து நிற்பதற்கு உடம்புக்குள் பன்னிரண்டு பதின்மூன்று பொருள் வேலை செய்கிறது. கட்டடத்தில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிறார்களே, அந்த மாதிரி. எனக்கு அந்த வரிசையில் எட்டாவது ஆள் கிடையாது. ஏழாவது ஆள் நீட்டும் கல்லை வாங்க ஆள் இல்லாமல் வேலை அப்படியே நின்றுவிடும். பிளேடு கீறினால் செத்துப்போவோம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியே வரும் ரத்தத்தைவிட உள்ளேயே கசிவதுதான் தொல்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால் என்று மூட்டுக்குள் ரத்தம் இறங்கி இறங்கி மூட்டையே தின்றுவிடும். என் இடதுகால் மடங்காதது அதனால்தான். இந்தக் குறை யூசுப்புக்கு வராது. ஆயிஷா, உன் வழியாக உன் பிள்ளைக்குப் போகக்கூடும் என்று டாக்டர் உன்னிடமே சொல்லியிருக்கிறார், அதை நீ மறக்காதே.

எனக்கு ஆறு வயதில் சுன்னத் செய்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறுகிற காயம் எனக்குப் பத்து நாள் கசிந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில் இன்ன நோய் என்று கண்டுபிடித்தார்கள். எட்டாம் நம்பர் பொருள் மட்டும் தனியாகச் சின்னப் பாட்டிலில் வருவதெல்லாம் அன்றைக்கு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. பிளாஸ்மா ஏற்றுவார்கள்; அது ரத்தத்தில் சிவப்பு போக மிச்சமிருக்கும் மஞ்சள் நீர். இல்லாவிட்டால் கிரையோ. அந்த மஞ்சள் நீரை உறைய வைத்து, மெதுவாக இளக்கினால் அடியில் தங்குவது அது. ஒரு தடவை முழங்கால் வீங்கினால் எட்டு பை, பத்து பை போகும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மனிதருடைய ரத்தம்.

ஏற்றிய ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க நாம்தான் ஆள் கொண்டுபோக வேண்டும். என் அத்தா மசூதித் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்பார். நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் இரண்டு முறை வந்தார். அவர்கள் கொடுத்தது யாருக்கோ போகும், யாரோ கொடுத்தது எனக்கு வரும். அப்படி என் உடம்புக்குள் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. அதில் யாரோ ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் இருந்திருக்கிறது. அவருக்கே தெரிந்திருக்காது. எல்லா ரத்தத்தையும் அந்த வைரஸுக்காகச் சோதிக்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை.

வெளிநாடுகளில்கூட எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேருக்கு மருந்தோடு மருந்தாக இந்த வைரஸும் எச்.ஐ.வி.யும் போயின என்று கோபால் பெரியப்பா சொல்லுவார். அங்கே விசாரணை வைத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். இங்கே எங்களைக் கூப்பிட்டு, 'உங்களுக்கு அப்போது ஏற்றினோமே, வந்து ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது எட்டாம் நம்பர் மருந்து தூளாகப் பாட்டிலில், வைரஸைக் கொன்ற பிறகு, அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக வருகிறது. நம் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில் எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லாத வாரத்தில் எங்களில் இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுப்போம். கோபால் பெரியப்பாவுக்கும் எனக்கும் பழக்கமானதே அப்படித்தான். மூட்டில் சுருசுருவென்று ஆரம்பித்ததுமே வீட்டிலேயே கலந்து போட்டுக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குக் கம்பவுண்டர் ஆயிஷா. ஐந்தாவது படிக்கும்போது தானாக வந்து சேர்ந்த வேலை. பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக் கலக்குவாள். நரம்பு எழும்ப என் கையில் பட்டையை இழுத்துக் கட்டுவாள். பிளாஸ்டரை முன்கூட்டியே நறுக்கி மேஜை விளிம்பில் ஒட்டி வைப்பாள்.

"அத்தா, இந்த நரம்பு நேத்தே வேலை பார்த்துச்சு. இன்னைக்கு அதுக்கு லீவு. பக்கத்துல இருக்கறதப் பாருங்க."

"நீ என்னா, சூப்பர்வைசரா?"

"நான் கம்பவுண்டர். சூப்பர்வைசர் அம்மா. யூசுப் வாட்ச்மேன்."

ஊசியை மட்டும் அவள் தொடக்கூடாது. அதை நான்தான் எடுப்பேன், நான்தான் கெட்டியான பிளாஸ்டிக் கேனுக்குள் போடுவேன். அது நம் வீட்டுச் சட்டம்.

போன வருடம் ஜூன் மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டிவந்தது. எங்களுக்குப் பல் பிடுங்குவது சின்ன ஆபரேஷன் மாதிரி. முன்னாலும் பின்னாலும் மருந்து போட்டு, ரத்தத்தை நிறுத்துகிற மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளித்து, அப்புறம்தான் கை வைப்பார்கள். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. வந்த தாளில் எல்லா வரியும் சாதாரணமாக இருந்தது. ஒரு வரியில் மட்டும் 'எச்.சி.வி. - ரியாக்டிவ்' என்று தடித்த எழுத்து. ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் லாமினேஷன் போட்டுக் கொடுக்கிறவன், என் தாளில் இருந்த அந்த ஒரு வரி எனக்குப் புரியவில்லை. கடைக்கு வந்து பழக்கதோஷத்தில் முதல் வேலையாக அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் கல்லீரல் பார்க்கிற டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"சின்ன வயசுல ரத்தம், பிளாஸ்மா ஏத்தியிருக்கீங்களா?"

"ஏத்தாத மாசம் எதுன்னு கேளுங்க மேடம்."

சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். எச்.சி.வி. என்றால் ஹெபடைடிஸ் சி வைரஸாம், கல்லீரலில் குடியிருக்குமாம். இருபது வருடம், முப்பது வருடம் சத்தமே காட்டாது. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கும். விட்டுவிட்டால் கல்லீரல் சுருங்கிப்போகும், புற்றுநோய்கூட வரலாம். "இந்த டெஸ்ட்டு, திருடன் வீட்டுக்குள்ள வந்த தடயம் மட்டும்தான் காட்டும். ஆள் இன்னும் உள்ளேயே இருக்கானான்னு இன்னொரு டெஸ்ட் பார்க்கணும்" என்றார். பார்த்தார்கள். உள்ளேயேதான் இருந்தான்.

அப்புறம் ஃபைப்ரோஸ்கேன். பெயர்தான் பெரிசு. விலாப்பக்கம் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்துத் தட்டுவார்கள், விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும். அந்தத் தட்டல் எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதை வைத்துக் கல்லீரல் மெத்தென்று இருக்கிறதா, இறுகிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்கள். "தோசை கொஞ்சம் முறுகியிருக்கு, கருகலை. மாத்திரை போட்டா சரியாயிடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, பன்னெண்டு வாரம். இங்கயே இலவசமா குடுக்கறோம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க போட்டுக்கற ஊசி, வீட்ல யாருக்காச்சும் குத்தியிருக்கா?"

"இல்லைங்க மேடம். ஊசி என் கையை விட்டுப் போகாது" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

உங்கள் அம்மாவுக்குப் பரிசோதனை செய்து இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு இல்லாததால் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் இருவரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். பல்லுக்கு மாத்திரை என்று சொல்லி வைத்தேன்.

தட்டில், டம்ளரில், கட்டிப்பிடிப்பதில், ஒன்றாகச் சாப்பிடுவதில் இது பரவாது. ஷேவிங் செட்டும் நகவெட்டியும் தனியாக இருந்தால் போதும். டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் என் தட்டு, என் டம்ளர் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க இது, இந்த ஒரு டம்ளர் மட்டும் ஜன்னல் மேல?"

"இருக்கட்டும் நூரு."

"டாக்டரு படிச்சது வீணா? அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கே புரிஞ்சுது, உங்களுக்குப் புரியலியா?"

அம்மா அந்த டம்ளரை எடுத்து மற்றதோடு போட்டுக் கழுவுவாள். நான் மறுபடி தேடி எடுத்து ஜன்னலில் வைப்பேன். பெரிய தப்பு அடுத்ததாகச் செய்தேன். ஆயிஷாவை வேலையை விட்டு நிறுத்தினேன்.

"இனிமே மருந்து நான் ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கறேன்மா."

"ஏன், நான் சரியா புடிக்கலியா?"

"அதெல்லாம் இல்ல. உனக்குப் பரீட்சை வருது."

"பரீட்சை செப்டம்பர்ல அத்தா."

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் மருந்து இருந்தும் போடாமல், ஆஸ்பத்திரிக்குப் போகவும் சோம்பி, சுருசுருப்பு வரும்போதெல்லாம் நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். ஆகஸ்ட்டில் இடது தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு இது ஒரு பழக்கம். வலிக்கிறது என்றால் வீட்டில் எல்லார் முகமும் மாறிவிடும், அதைப் பார்க்க முடியாமல் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகிவிடுவோம்.

"ஏன் கூன் போட்டு நடக்கறீங்க?" என்று அம்மா கேட்டபோது காலை நீட்டவே முடியவில்லை. ஆட்டோவில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனார்கள்.

வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஆரம்பித்துத் தொடைவரை வருகிற பெரிய சதை ஒன்று இருக்கிறது. அதற்குள் ரத்தம் கசிந்திருந்தது. ஸ்கேனில் கறுப்பாக ஒரு மாங்காய் மாதிரி தெரிந்தது. காலையும் மாலையும் மருந்து, பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். வைரஸ் மாத்திரையும் கூடவே தொடர்ந்தது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை என்று ஒருவர், அடி அண்ணாமலைக்காரர். பவுர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எலுமிச்சை சோடா விற்கிறவர். காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டு, காய்ச்சலைவிடப் பவுர்ணமி போகிறதே என்றுதான் புலம்பினார். "வர்ற வெள்ளிக்கெழமை பவுர்ணமி சார். என் எடத்துல வேற எவனாச்சும் வண்டியப் போட்டுடுவான்." அவர் வீட்டம்மா கொண்டுவந்த கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் வரும். நம் வீட்டு இட்லி அவருக்குப் போகும். யூசுப் முதல்நாளே அவரிடம் போய், "கோலி சோடால அந்தக் கோலிய எப்படி வெளிய எடுக்கறது?" என்று கேட்டு நண்பனாகிவிட்டான்.

ஆயிஷா மட்டும் கட்டில் பக்கம் வரவே இல்லை. எட்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதை மடியில் இடுக்கி வைத்திருப்பாள். அவளை வேலையை விட்டு நிறுத்திய கோபம் என்று நான் நினைத்தேன். வயசு அப்படி என்று அம்மா நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யூசுப் ஓடிவந்து அந்த பாட்டிலை எடுத்துக் குடிக்கப் போனான். ஆயிஷா பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் அவன் முகமெல்லாம் கொட்டியது.

"தொடாதடா! என் பாட்டில தொடாதன்னு எத்தனவாட்டி சொல்றது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. யூசுப் அழ ஆரம்பித்தான். "ஏண்டி, தண்ணிக்கு இவ்ளோ ஆட்டமா? வூட்லயும் ஒரு மாசமா இதே கூத்து. இவ டம்ளரத் தொடக்கூடாது, இவ கடிச்ச கொய்யாவத் தொடக்கூடாது" என்று திட்டிவிட்டு, அம்மா யூசுப்பை பிஸ்கட் வாங்கக் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆயிஷா பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டாள்.

"அத்தா, அந்த மாத்திரை பல்லுக்கு இல்லைதானே?"

"யார் சொன்னது?"

"பாட்டில்ல இருந்த பேரை அம்மா போன்ல போட்டுப் பார்த்தேன். ஒரு மாசம் ஆச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. "அதான் ஒரு மாதிரி இருந்தியா? அத்தாவுக்குச் சரியாயிடும்மா. மூணு மாசம் போட்டா..."

"அதுவும் போட்டிருந்துச்சு." இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஊசி குத்தினாலும் வரும்னு போட்டிருந்துச்சு."

அரையாண்டு லீவில் நடந்ததாம். அன்றைக்கு மருந்து போட்டு முடித்து ஊசியை உருவியதும் கடைக்கு வருகிற யாரோ போன் செய்திருக்கிறார்கள். நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசப் போயிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை.

"நீங்கதான எப்பவும் சொல்வீங்க, எடுத்ததை மூடி வைன்னு. பேனாவுக்குப் போடற மாதிரி மூடி போட்டேன். சறுக்கிடுச்சு. கழுவிட்டு பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டேன். அம்மா கேட்டாங்க, காம்பஸ் குத்திடுச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களே."

ஒரு மாதம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மாதம் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, தம்பிக்கு வந்துவிடக் கூடாது என்று தன் டம்ளரைத் தானே ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஸ்கூலுக்குப் போய் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எழுந்து போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கால் நீளவில்லை.

"கிட்ட வா."

"வேணாம் அத்தா."

"எனக்கு வந்தது ஏற்கெனவே வந்தாச்சு. உன்கிட்டேர்ந்து புதுசா இன்னா வந்துடப் போவுது?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்கு மூக்கு ஒழுகியது. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். "ஊசி என் கையை விட்டுப் போகாதுன்னு சொன்னேனே மேடம், போயிருக்கு." அவர் திட்டவில்லை. ஆயிஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்: "குத்தின எல்லாருக்கும் வராது. வராதவங்கதான் ஜாஸ்தி. வந்திருந்தாலும் உங்க அத்தாவுக்குக் குடுக்கற மாதிரி மருந்து இருக்கு. ஆனா பயன்படுத்தின ஊசிக்கு யாரும் மூடியே போடக்கூடாது, நானே போடமாட்டேன். குத்திடுச்சுன்னா அன்னைக்கே சொல்லணும். புரியுதா?" அவள் தலையாட்டினாள். எட்டு மாதம் ஆகிவிட்டதால் தடயம் பார்க்கிற முதல் சோதனையே போதும், ஆனாலும் இரண்டையும் அனுப்புகிறேன் என்றார். நிறையப் பேருடைய சாம்பிள் சேர்ந்த பிறகுதான் மிஷினில் போடுவார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் தாள் வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆயிஷாவைத் தரையில் உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, இல்லாத பேனை அரைமணி நேரம் தேடினாள்.

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே நினைப்பு. எந்த ரத்தத்தை வீடு வீடாகப் பிச்சை வாங்கி என் அத்தா என்னைக் காப்பாற்றினாரோ, அதே ரத்தம் என் பிள்ளை விரலுக்குள் போயிருக்கிறது. எனக்குக் கை நீட்டி ரத்தம் கொடுத்த அந்த முகம் தெரியாத மனிதரிடம் யாராவது போய், 'உங்களால்தான் அந்தப் பையனுக்கு வந்தது' என்று சொல்லியிருந்தால் அவர் எப்படித் துடித்திருப்பார்? நல்லதை நினைத்துத்தானே கொடுத்தார். அவர் எங்கேயாவது உயிரோடு இருக்கிறாரா, அவருக்கு யாராவது இந்த மாத்திரையைக் கொடுத்தார்களா என்று முதல்முறையாக யோசித்தேன். அவருக்காக துஆ செய்தேன். ஆயிஷாவுக்காகச் செய்தபோது வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பவுர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலிருந்தே ஊருக்குள் பஸ்ஸை விடவில்லை. ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று ஆயிஷா என்னோடேயே இருந்தாள். அம்மா யூசுப்பை ஸ்கூலில் விட்டு, சமைத்து எடுத்துக்கொண்டு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு மணி ஆகியும் வரவில்லை. போன் செய்தால், "ஆட்டோ ஒண்ணும் வரல, ஜனம் ஜனமா போவுது, நடந்துதான் வரேன்" என்றாள். ஆயிஷா தனியாக லேபுக்குப் போய்க் கேட்டாள். பெரியவங்க யாராவது வரவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவன் நான் கட்டிலில் கிடக்கிறேன். "நான் மெதுவா போய்ட்டு வந்துடறேன்" என்று காலை இறக்கப் போனேன். "அத்தா, இறங்கினீங்கன்னா சிஸ்டரைக் கூப்புடுவேன்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கோபால் பெரியப்பா வந்து நின்றார். வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியிலேயே வேனை நிறுத்திவிட்டதால், இரண்டு முழங்காலும் மடங்காத மனிதர் அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"இன்னாப்பா, ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துனு கீறீங்க? இந்தா, சூடா மல்லாட்ட."

விஷயத்தைச் சொன்னேன். பொட்டலத்தை வைத்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தார். லேபில் நடந்ததை அப்புறம் அவரே சொன்னார். "ஆயிஷா பானுவுக்கு நீங்க யாரு?" "பெரியப்பா." "உங்க பேரு?" "கோபால்." அந்த ஆள் தாளையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். "இன்னா சார் பாக்கற? பன்னெண்டு வருசமா ஒரே ஃப்ரிட்ஜு மருந்து போட்டுக்கறோம், இது சொந்தம் இல்லியா?" லேபிலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அவர் சொன்ன பிறகு, கவரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

வார்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் லேபிலிருந்து வருகிற வழி முழுக்கத் தெரியும். ஆயிஷா ஜன்னலில் நின்றாள்.

"வராரு அத்தா."

"எப்படி வராரு?"

"எப்பவும் போலத்தான்."

எங்கள் ஆட்களின் நடையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நல்ல செய்தியானாலும் ஓட முடியாது, கெட்ட செய்தியானாலும் அதே வேகம்தான். அந்த நூறு அடியை அவர் கடந்து வருவதற்குள் எனக்கு ஒரு வருடம் போனதுபோல் இருந்தது.

கவரை என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்திருக்கவில்லை. "நானே பிரிக்கறேன்" என்று ஆயிஷா வாங்கிக்கொண்டாள். இரண்டு தாள். உதடு அசையப் படித்தாள்.

"ஒண்ணுல நான்-ரியாக்டிவ். இன்னொண்ணுல நாட் டிடெக்டட்."

"அப்டின்னா இன்னா பாப்பா?" என்று ஏழுமலை எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"இல்லன்னு அர்த்தம்யா" என்றார் கோபால் பெரியப்பா. "இல்லன்றத சொல்றதுக்கு ரெண்டு தாளு!" சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர், தலைத்துணியெல்லாம் தூசி. எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஆயிஷா தாளை நீட்டினாள். அம்மா தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "இல்ல நூரு. ஒண்ணும் இல்ல" என்றேன். கேரியரைக் கீழே வைத்தாள். ஆயிஷா முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அப்புறம் இழுத்துக் கட்டிக்கொண்டு, விடவே இல்லை.

விட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "அத்தாவும் மவளும் நல்லா கேட்டுக்குங்க. இன்னும் இன்னா இன்னா மறைச்சு வச்சிருக்கீங்களோ, இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "தொடை இடுக்கு வலி ரெண்டு நாளா இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன் இல்ல? நாலு நாளு."

அம்மா பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. திரும்பி ஆயிஷாவைப் பார்த்தாள். "நீ?"

ஆயிஷா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கணக்குல பதினேழு."

"இருபத்தஞ்சுக்கா?"

"நூத்துக்கு."

"ரேங்க் கார்டு வரவே இல்லியேடி!"

"வந்துச்சு. கையெழுத்து போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"யார் கையெழுத்து?"

"அத்தாவோடது. நல்லா வந்துச்சும்மா, மிஸ்ஸுக்கே தெரியல."

முதலில் கோபால் பெரியப்பாவுக்குத்தான் பொறுக்க முடியவில்லை. அப்புறம் ஏழுமலை. அம்மா கையை ஓங்கியபடியே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பில் தொடை இடுக்கு சுளீரென்று இழுத்து, சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது. சிஸ்டர் ஓடிவந்தார்.

"என்னாச்சு? வலிக்குதா?"

இந்தக் கேள்வியை நான் ஆறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். என் அத்தா கேட்டிருக்கிறார், வாத்தியார் கேட்டிருக்கிறார், உங்கள் அம்மா கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஆயிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குது சிஸ்டர்" என்றேன். "நல்லா வலிக்குது."